சம்பளத்தில் பாதி கடனுக்கே போகிறதா? இப்படித் தொடங்குங்கள்

2022 நவம்பரில் எங்கள் வீட்டுக் கணக்கு இது. கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்குக் கைக்கு வருவது 34,000 ரூபாய். நான் வீட்டிலிருந்தே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிச் சம்பாதிப்பது 8,000. ஆக 42,000. கடன் எட்டு இடத்தில், மொத்தம் 4,30,000. அதற்கு மாதாமாதம் கட்டியது 21,250. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

அதற்கு முந்தைய ஒரு வருடமும் சிக்கனமாகத்தான் இருந்தோம். ஓட்டலுக்குப் போவதை நிறுத்தினோம், கேபிளைத் துண்டித்தோம், காய்கறிக்காரரிடம் பேரம் பேசினோம். கடன் குறையவில்லை, ஏறியது. காரணம் நான்காம் படியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் அதை முதலில் படித்தாலும் சரி. எல்லாம் முடிய எங்களுக்கு 30 மாதம் ஆயிற்று. இதில் ஐந்தாறு மாதம் தெரியாமல் செய்த தப்புகளால் வீணானது. அது உங்களுக்கு வேண்டாம்.

1. இரண்டு பேரும் உட்கார்ந்து முழுப் பட்டியல் போடுங்கள்

ஒரு ஞாயிறு மதியம், குழந்தை தூங்கியதும், நோட்டை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்தோம். ஆறு வரி முடிந்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு இருக்குது" என்றார். தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 50,000 வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் மட்டும் என்ன யோக்கியம்? மகளிர் குழுவில் 30,000 எடுத்து என் தம்பி கல்யாணத்துக்குச் செலவழித்ததை நானும் சொல்லியிருக்கவில்லை. அன்று இரவு வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பட்டியல் முழுசாக இருந்தது:

- கிரெடிட் கார்டு: பாக்கி 80,000, குறைந்தபட்சத் தொகை 4,000
- பர்சனல் லோன்: பாக்கி 1,45,000, தவணை 5,900
- ஃபிரிட்ஜும் போனும் வாங்கிய தவணை: பாக்கி 22,000, மாதம் 3,700
- பைக் லோன்: பாக்கி 38,000, மாதம் 2,750
- மகளிர் குழு: பாக்கி 30,000, மாதம் 2,600
- மூன்று வட்டிக் கடன்: 50,000, வட்டி மட்டும் 1,500
- அடகுக்கடை, ஐந்து பவுன்: 40,000, இரண்டு வட்டி, மாதம் 800
- மாமாவிடம் கைமாற்று: 25,000, வட்டி இல்லை

ஒவ்வொரு கடனுக்கும் தவணைத் தேதி, வட்டி, முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்ற நான்கையும் பக்கத்தில் எழுதுங்கள். இதற்குத் தேவைப்படுபவை: ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு லோனுக்கும் தவணை அட்டவணை, அடகு ரசீது, கிரெடிட் ரிப்போர்ட் (நம் கடன் வரலாறு). சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அவரவர் இணையதளத்திலேயே எடுங்கள். நடுவில் ஒரு ஆப் வழியாகப் போனால் அடுத்த நாளே லோன் வேண்டுமா என்று போன் வர ஆரம்பிக்கும்.

வட்டி எழுதும்போது ஏமாறும் இடம் இரண்டு. ஒன்று, 'ஃபிளாட்' வட்டி, அதாவது அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடுவது. 12 சதவீதம் ஃபிளாட் என்று மூன்று வருடக் கடன் வாங்கினால், குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 21 சதவீதம். இரண்டாவது, தண்டல். 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாளில் 10,000 வாங்குவார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,500தான். வருடக் கணக்கில் இது 80 சதவீதத்தைத் தொடுகிறது.

2. தவணைத் தேதிகளைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் தள்ளுங்கள்

அவருக்குச் சம்பளம் 7ஆம் தேதி. பர்சனல் லோன் பிடிப்பது 5ஆம் தேதி. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு பக்கம் பிடிக்கும், லோன் கொடுத்தவர் இன்னொரு பக்கம் பிடிப்பார், இரண்டுக்கும் மேலே ஜி.எஸ்.டி. எங்களுக்கு ஒரு முறைக்கு ஆயிரத்துக்கு மேல் போயிற்று, அதுவும் ஒரே வருடத்தில் நான்கு முறை. தேதியை மாற்றச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். கொஞ்சம் இழுத்தடிப்பார்கள். எங்களுக்கு இரண்டு பேர் மாற்றித் தந்தார்கள், ஒருவர் முடியாது என்றார். முடியாது என்றவருக்கு ஒரு தவணையை முன்கூட்டியே கணக்கில் போட்டு வைத்துவிட்டோம்.

அப்படியே யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். மறந்தே போன மூன்று சந்தாக்கள் எங்களுக்கு அங்கே மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தன.

3. புதுக் கடன் வரும் வழியை அடையுங்கள்

கார்டை வெட்டி எறிய வேண்டாம், பாக்கி இருக்கும்வரை அதை மூட முடியாது. வங்கியின் ஆப்பில் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்துங்கள், லிமிட்டைக் குறையுங்கள், கடைத் தளங்களில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்குங்கள். கார்டில் பாக்கி இருக்கும்போது புதிதாக ஒரு பால் பாக்கெட் வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டி. வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை அப்போது கிடையாது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதையும் நம்பாதீர்கள். மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி அதில் பல நேரம் கிடைக்காது, பிராசஸிங் கட்டணம் தனி.

4. மாதச் செலவில் வராத செலவைக் கண்டுபிடியுங்கள்

எங்களைக் கவிழ்த்தது இதுதான். மாத பட்ஜெட் போடும்போது வாடகை, மளிகை, பால், பெட்ரோல் என்று எழுதுவோம். கணக்கு சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று 'இந்த மாதம் மட்டும்' என்று வரும். ஆவணியில் இரண்டு கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், நடுவில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து, பைக்குக்கு டயர். ஒவ்வொன்றுக்கும் கார்டைத் தேய்த்தோம். 'இந்த மாதம் மட்டும்' பன்னிரண்டு மாதமும் வந்தது.

போன வருட ஸ்டேட்மென்டையும் மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எங்களுடையது: தீபாவளி 14,000, பொங்கல் 4,000, மொய் 12,000, சீர் 10,000, ஊர்த் திருவிழா 5,000, பைக் இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,000, குழந்தைக்குக் காய்ச்சல் சளி என்று டாக்டர் செலவு 9,000. கூட்டினால் 60,000. மாதத்துக்கு 5,000. காய்கறியில் பேரம் பேசி மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாயெல்லாம் இதற்கு முன்னால் எங்கே நிற்கும்?

இதற்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும். நான் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். குறைந்தபட்சம் 500 ரூபாய், ஆதார், பான், இரண்டு புகைப்படம், முக்கால் மணி நேரம். ஏ.டி.எம். கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் நின்று படிவம் எழுதித்தான் பணம் எடுக்க வேண்டும் என்றால், எடுக்குமுன் இரண்டு முறை யோசிப்போம். சம்பளம் வந்த மறுநாள் 3,000 அதில் போட்டோம். 5,000 போட முடியவில்லை. அதனால் அந்த 60,000ஐ 36,000 ஆக்க வேண்டியிருந்தது.

மொய்யைக் குறைப்பதுதான் கஷ்டம். நமக்கு எழுதியவர்களுக்குத் திருப்பி எழுதாமல் இருக்க முடியாது, அதுவும் ஒரு கடன்தான். நாங்கள் செய்தது: நோட்டில் நமக்கு வந்த தொகை எவ்வளவோ அதையே எழுதுவது, கூட்டுவதில்லை. நமக்கு எழுதாதவர்களுக்கு 201. தூரத்துச் சொந்தத்தில் கல்யாணம் என்றால் குடும்பத்தோடு போகாமல் ஒருவர் மட்டும் போவது, அதிலேயே பஸ் செலவு, புதுத்துணிச் செலவு பாதி குறையும். சீர் விஷயத்தை என் மாமியாரிடம் நேராகச் சொன்னோம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, ரெண்டு வருசத்துக்கு வேட்டி சேலையோட நிறுத்திக்கலாம், நான் சொல்லிக்கிறேன்" என்று அவரே நாத்தனாரிடம் பேசினார். நீங்கள் பேசுவதைவிட வீட்டுப் பெரியவர் பேசினால் எளிதில் முடியும்.

5. பெரிய செலவில் கை வையுங்கள், குழந்தை பாலில் வேண்டாம்

ரேஷன் அட்டை இல்லாத இளம் தம்பதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கல்யாணமாகி மூன்று வருடமாக என் பெயர் அப்பா அட்டையிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. வெளியே பருப்பு விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். புது அட்டைக்கு உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், குடும்பத் தலைவி புகைப்படம், வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் பில், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். முக்கியமான சிக்கல்: கணவன், மனைவி இருவர் பெயரும் பழைய அட்டைகளிலிருந்து முதலில் நீக்கப்பட்டிருக்க வேண்டும். என் பெயரை மட்டும் நீக்கிவிட்டு விண்ணப்பித்தோம், நிராகரிக்கப்பட்டது. அதிலேயே இரண்டு மாதம் போயிற்று. பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அட்டை கைக்கு வர மேலும் இரண்டு மாதம்.

தடுப்பூசிக்குத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தோம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் இலவசம். ரோட்டா சொட்டு மருந்தும் நிமோகாக்கல் ஊசியும் உட்பட. தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் நகரும்.

மின்சாரத்தில் 500 யூனிட் என்ற எல்லையைக் கவனியுங்கள். இரண்டு மாதக் கணக்கில் அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடும். மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதினால் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி: வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் இலவச 100 யூனிட் உங்களுக்கு வராது. அடுத்த வீடு பார்க்கும்போது தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நான் கடைகளுக்குக் கணக்குக் கொடுக்கப் போவதெல்லாம் அதில்தான். அவர் கம்பெனி வண்டியில் போக ஆரம்பித்தார். பெட்ரோலில் 1,200 மிச்சம். மளிகையில் 2,200, பகலில் டயபரை நிறுத்தித் துணிக்கு மாறியதில் 900, போனும் சந்தாவும் 700, கரண்ட் 600. ஆக 5,600.

குறைக்கக் கூடாதவை: மருத்துவக் காப்பீடு, பைக் இன்சூரன்ஸ், குழந்தையின் பால், முட்டை. காப்பீட்டை நிறுத்தி மிச்சம் பிடித்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். ஒரு டெங்கு காய்ச்சலில் எல்லாம் போயிற்று.

6. வட்டி கூடிய கடனை முதலில் சாயுங்கள்

எங்கள் கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி. 80,000க்கு 2,800. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504. ஆக 3,304. குறைந்தபட்சத் தொகை 4,000 கட்டினால் கடன் குறைவது 696 ரூபாய். ஒரு வருடமாக நாங்கள் ஒழுங்காகக் கட்டியதாக நினைத்தது இதைத்தான்.

நகை இருந்தால் அதை வைத்து வட்டியை மாற்றுவதுதான் எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி. அடகுக்கடையில் ஐந்து பவுனுக்கு வெறும் 40,000 வாங்கியிருந்தோம், இரண்டு வட்டிக்கு. அதை மீட்டு வங்கியில் வைத்தோம். அப்போதைய விதிப்படி மதிப்பில் 75 சதவீதம் வரை கிடைக்கும். 1,20,000 மட்டும் எடுத்தோம், 9 சதவீத வட்டிக்கு. அடகுக் கடன் 40,000, கார்டு 80,000, இரண்டும் ஒரே நாளில் முடிந்தன. மாதம் 4,800 கட்டிய இடத்தில் வட்டி 900 ஆயிற்று.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. மீட்பதற்கான 40,000 ஒரு நாளைக்குக் கையில் வேண்டும். என் அக்காவிடம் வாங்கி அன்று மாலையே கொடுத்தேன். அடகுக்கடையில் ஒரு நாள் கூடினாலும் முழு மாத வட்டி கேட்பார்கள், ரசீதுத் தேதிக்கு முந்தைய நாள் போங்கள். வங்கியில் மதிப்பீட்டாளர் எப்போது வருவார் என்று முதல் நாளே கேளுங்கள். ஆதார், பான், புகைப்படம் போதும். அரை நாள் ஆகும், மதிப்பீட்டுக் கட்டணம் சில நூறு. கல் வைத்த நகையில் கல் எடையைக் கழிப்பார்கள். மேனேஜர் "இன்னும் இருபதாயிரம் வரும், எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லத் தயாராகப் போங்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் வேறு. ஒரு வருடம் முடிந்ததும் வட்டி கட்டிப் புதுப்பிக்கலாம் என்று நினைத்திருந்தோம். அசலையும் சேர்த்துக் கட்டிவிட்டு மறுபடி வையுங்கள் என்றார்கள். ஒரு நாளைக்கு 1,20,000 புரட்டப் பட்ட பாடு! புதுப்பிக்கும்போது என்ன கேட்பார்கள், இடையில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடனுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு வரிசை இப்படிப் போயிற்று. ஆறாவது மாதம் ஃபிரிட்ஜ் தவணை முடிந்தது. அந்த 3,700ஐச் செலவில் கலக்கவிடாமல் மூன்று வட்டிக்காரரிடம் அசலாகக் கொடுத்தோம். அடுத்து குழு, அடுத்து பைக். பதினாலாவது மாத வாக்கில் மூன்று வட்டியும் முடிந்தது. இப்படி மிச்சமான தவணைப் பணம் எல்லாம் நகைக் கடனுக்கு. பர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கவில்லை. கார்டு, மூன்று வட்டி, அடகுக்கடை ஆகியவற்றைவிட அதற்கு வட்டி குறைவு, முன்கூட்டி முடித்தால் அபராதம் வேறு. அதுபாட்டுக்கு 30வது மாதம் முடிந்தது. மாமா பணம் கேட்கவே இல்லை, ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்லிவிடுவோம். அவருக்குக் கொடுத்தது நகைக்குப் பிறகு.

7. கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீர்கள்

போனை எடுங்கள், எந்தத் தேதிக்கு எவ்வளவு முடியும் என்று சொல்லுங்கள், அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து அசிங்கப்படுத்தக் கூடாது. செய்தால் அழைப்புப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தில் எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அது வேறு வழக்கு. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் வருகின்றன, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்பட வேண்டாம். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும், 'குளோஸ்டு' என்று வராது. நாளை வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது.

8. முடித்த கடனுக்குக் காகிதம் வாங்குங்கள்

கடைசித் தவணை கட்டியதும் ஆட்டோ-டெபிட்டை ரத்து செய்யுங்கள், பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்குங்கள். கார்டை மூடச் சொல்லி எழுதினால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பைக்குக்கு நிதி நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதியும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரை நீக்க வேண்டும். தள்ளிப்போட்டால் சான்றின் கெடு முடிந்து மறுபடி அலைய நேரும். வட்டிக்காரரிடம் கொடுத்த புரோநோட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையையும் பணம் எண்ணும் முன்பே மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். 'அப்புறம் தேடித் தர்றேன்' என்றால் பணமும் அப்புறம்தான்.

ஓரிரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை மீண்டும் எடுத்துப் பாருங்கள். எங்கள் ஃபிரிட்ஜ் கடன் முடிந்து நான்கு மாதமாகியும் பாக்கி என்றே காட்டியது. ரிப்போர்ட் தந்த நிறுவனத்தின் தளத்திலேயே மறுப்புத் தெரிவித்தோம், திருத்தினார்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

நகையை மீட்கும்போது பையைக் கவுன்டரிலேயே பிரித்து, ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் அவசரமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு தோட்டுக்குத் திருகாணி இல்லை. திரும்பப் போனபோது நல்லவேளையாக அதே மேசை இழுப்பறையில் ஒரு தாளில் மடித்து வைத்திருந்தார்கள்.